பொதுக் கிணறும் வணிகர் கடமையும்

ஊரார் கூடி வெட்டிய கிணற்றில் வணிகரும் நீர் அள்ளலாமா? அள்ளலாம் என்பதே நமது விடை. ஆயின், தூர் வாரும் நாளில் அவ்வணிகர் எங்கே நிற்கின்றார் என்பதையும் நாம் கேட்டேயாக வேண்டும்.

1991 ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், பல நாட்டுத் தன்னார்வலர் கைகோத்து வளர்த்த கணினி இயங்குதளமாகும். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். 1998 இல் ஆரக்கிள் நிறுவனம் தனது தரவுத்தள மென்பொருளை அதன்மீது இயங்கச் செய்ய முன்வந்தது. அதுவோ, மூலநிரலை மறைத்து விலைக்கு விற்கப்படும் சரக்கு. இத்தகைய சரக்குக்கு இடமளித்தல் கொள்கைத் துரோகம் என்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர்.

நாம் அவ்வாறு கருதவில்லை. லினக்ஸின் சேவையை வழமையான முறையில் கேட்டுப் பெறும் மென்பொருள்களைத் தன் நிபந்தனைகள் கட்டுப்படுத்தா என, அதன் உரிமத்தோடு இணைந்த குறிப்பே கூறுகின்றது. டெபியன் தன்னார்வலரும், கட்டற்றவையல்லாத மென்பொருள்களை நாடுவோர் தம் பயனர்களுள் உளர் என்பதை 1997 இல் வெளியிட்ட சமூக ஒப்பந்தத்தில் ஏற்றனர். ஆனால், அவற்றைத் தமது முறைமையின் பகுதியாக்க மறுத்தனர். வாயிலைத் திறந்து வைத்தனர். வீட்டை எழுதிக் கொடுத்தாரில்லை. இதுவே நேரிய வழி.

அங்ஙனமாயின் குறை எங்கே? 2024 மார்ச் மாதத்தில் அது அம்பலமாயிற்று. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்னும் சிறு கருவி, லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படுவது. அதனை நெடுங்காலம் பேணி வந்தவர் ஊதியமற்ற தன்னார்வலர் ஒருவரே. களைத்துப்போன அவருக்குத் துணைவரென வந்து நம்பிக்கையைப் பெற்ற ஒருவர், கருவிக்குள் கள்ள வாயிலொன்றைப் புகுத்திவிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதில் ஏற்பட்ட அரை வினாடித் தாமதத்தை ஆராயப் புகுந்த மைக்ரோசொஃப்ட் பொறியாளர் ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அதனைக் கண்டறிந்தார். அவர் கண்ணில் அது படாதிருப்பின், பொதுமக்களும் வணிகரும் ஒருங்கே அல்லலுற்றிருப்பர் அன்றோ?

நிறுவனங்கள் ஒன்றுமே செய்யவில்லை எனல் அநீதி. லினக்ஸின் கருவகத்தை இன்று திருத்துவோரிற் பெரும்பாலார் நிறுவனங்களிடம் ஊதியம் பெறும் பொறியாளரே. ஆயினும், கோபுரத்துக்குச் சொரியும் பொன்னிற் சிறு துளிகூட அத்திவாரக் கற்கள் பலவற்றுக்குக் கிட்டுவதில்லை. ஒருவரின் ஓய்வு நேரத்தின்மீது பிறர் தம் இலாபத்தைக் கட்டியெழுப்புவது வணிகத் திறமையன்று, சுரண்டலே.

உரிமம் கேளாததை அறம் கேட்கின்றது. தம் சரக்கு எந்தெந்தத் தன்னார்வலர் ஆக்கங்களின்மீது நிற்கின்றதென வணிகர் வெளிப்படையாகப் பட்டியலிடட்டும். அவற்றைப் பேணுவோர்க்கு ஊதியமும் ஆள் துணையும் அளிக்கட்டும். மக்கள் பணத்தில் மென்பொருள் வாங்கும் அரசுகளும் இதனை நிபந்தனையாக்கட்டும்.

நீர் அள்ளும் உரிமை எல்லோர்க்கும் உண்டு. தூர் வாரும் கடமை மட்டும் சிலருக்கேயா?