பழுது வேறு, ஆசை வேறு

கொஞ்சம் நீளமான பதிவு. மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் முழுதாகப் படிக்கவும். மற்றவர்களும் தாண்டிப் போக வேண்டாம், நடுவில் உங்களுக்கும் திட்டு வைத்திருக்கிறேன்.

வலைப்பதிவு மென்பொருளுக்குப் பிளக்-இன் எழுதும் என் மாணவன் ஒருவன், பிளஸ் டூவில் என்னிடம் இயற்பியல் படித்தவன், போன வாரம் ஒரு பதிவு போட்டிருந்தான். பெயர் வேண்டாம், அவனுக்கே தெரியும். தேங்கிக் கிடந்த புகார்களை எல்லாம் ஒரு தானியங்கியை வைத்து மூடிவிட்டானாம். 60 நாள் யாரும் பேசாத புகாருக்கு அது ‘பழையது’ என்று முத்திரை குத்தும். அடுத்த 7 நாளில் பதில் இல்லையென்றால் தானே மூடிவிடும். கிட்ஹப்பில் இது சர்வ சாதாரணம், ‘ஸ்டேல் பாட்’ என்று பெயர், 60-ம் 7-ம் அதன் வழக்கமான கணக்கு. “இப்பத்தான் நிம்மதியா தூங்கினேன்” என்று முடித்திருந்தான். கீழே ஒரே கைதட்டல். கைதட்டியவர்களில் பாதிப் பேர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்.

தம்பி, நீ தூங்கியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீ மூடியது புகாரை. பழுது அப்படியேதான் இருக்கிறது.

தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு பெரியவர் மனு கொடுக்கிறார். 67 நாள் கழித்து, “மனுதாரர் மீண்டும் வந்து கேட்கவில்லை, ஆகவே மனு முடித்து வைக்கப்படுகிறது” என்று பதில் வருகிறது. நீ ஒப்புக்கொள்வாயா? இதே பக்கத்தில் நாலு பத்தி எழுதிக் கிழித்திருக்க மாட்டாயா? அவர் ஏன் மீண்டும் வரவில்லை? சொல்ல வேண்டியதை முதல் நாளே சொல்லிவிட்டார். இனி பேச வேண்டியவர் மறுபக்கத்தில் இருக்கிறார். அந்த மௌனத்துக்குத் தண்டனை புகார் கொடுத்தவருக்கா?

இது புதிய நோயும் இல்லை. நெட்ஸ்கேப் உலாவியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேமி ஜாவின்ஸ்கி 2003-லேயே கொதித்து எழுதியிருக்கிறார். க்னோம் திட்டத்துக்கு அவர் கொடுத்த பழுதுப் புகார்களை, புதிய பதிப்பு வந்துவிட்டது என்ற ஒரே காரணத்தைக் காட்டி, யாரும் சரிபார்க்காமல் மொத்தமாக மூடினார்கள். அன்று அதை மனிதர்கள் கையால் செய்தார்கள். இன்று எந்திரம் செய்கிறது. முன்னேற்றம்!

வருகிற கடிதங்களில் இரண்டு சாதி உண்டு. “எழுத்தின் நிறத்தை மாற்ற ஒரு பொத்தான் வையுங்கள்” என்பது ஆசை. “சேமி என்று அழுத்தினேன், எழுதியது காணாமல் போய்விட்டது” என்பது பழுது. ஆசையை நீ மறுக்கலாம். மறுக்கவும் வேண்டும். கேட்டதை எல்லாம் சேர்த்துக்கொண்டே போனால் அது மென்பொருளாக இருக்காது, திருவிழாக் கடை மாதிரி ஆகிவிடும். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதும் அங்கே நியாயம். பழுதில் அந்த எண்ணிக்கை செல்லாது. ஒருவர் சொன்னாலும் பழுது பழுதுதான். திருத்த நேரமில்லை என்று சொல்லலாம். இல்லவே இல்லை என்று சொல்லக்கூடாது.

இதில் உனக்குச் சண்டை இருக்காது என்று தெரியும். என் சண்டை அடுத்த இடத்தில். எது பழுது, எது ஆசை என்று முடிவு செய்வது யார்?

வேர்ட்பிரஸ்ஸை எடுத்துக்கொள். தலைப்பிலிருந்து அது தானாகவே பதிவின் முகவரியை உண்டாக்கும். அந்த முகவரிக்குத் தரவுத்தளத்தில் ஒதுக்கிய இடம் 200 குறிகள். ஆங்கிலத்துக்கு அது தாராளம், முப்பது சொல் தலைப்புக்கூட அடங்கும். தமிழில்? ஒவ்வொரு குறியும் யூனிகோடில் 3 பைட். முகவரியில் ஏறும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று இடம் பிடிக்கும். ஆக ‘க’ என்று எழுத 9 இடம், அதன் தலையில் புள்ளி வைக்க இன்னொரு 9. மொத்தம் 22 குறிகளில் கதை முடிந்தது.

“பொங்கல் திருநாளில் எங்கள் ஊர்ச் சந்தை” என்று தலைப்பு வைத்து நீயே எண்ணிப் பார். நான் தாளில் போட்டுப் பார்த்தேன். பொங்கலுக்கு 63, திருநாளுக்கு 90, நடுவில் இரண்டு கோடு, ஆக 155. மீதம் 45. அதில் ‘எங்கள’ வரைக்கும்தான் இடம். கடைசிப் புள்ளிக்கு இடமில்லை. ஊரும் இல்லை, சந்தையும் இல்லை. ‘பொங்கல்-திருநாளில்-எங்கள’ என்று புள்ளி இழந்து தொங்குகிறது. முப்பது வருடம் புள்ளி வைக்காததற்கு மதிப்பெண் குறைத்த தமிழாசிரியர்களோடு ஒரே ஓய்வறையில் தேநீர் குடித்தவன் நான். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்கு இது என்னவாகத் தெரியும்? “பிறமொழிகளுக்கு நீண்ட முகவரி வேண்டும்” என்ற புது வசதிக் கோரிக்கையாக. தமிழில் எழுதுகிறவருக்கு? சொல் அறுந்து கிடக்கிறது, பழுது. ஒரே சங்கதி. எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறோமோ அதுதான் அதன் தலையெழுத்து. வேர்ட்பிரஸ்ஸின் ட்ராக் பக்கத்திலும் ‘பழுது’, ‘மேம்பாடு’, ‘புது வசதிக் கோரிக்கை’ என்று தனித்தனி வகைகள் உண்டு. புகாரை மேம்பாடு என்று மாற்றி எழுதிவிட்டால் அவசரம் போய்விடும். பிறகு பெரும்பான்மைக் கணக்கு வரும், “இது எத்தனை பேருக்கு வேண்டும்?” என்று கேள்வி வரும். பெயர் மாற்றிக் கொல்வது என்று இதைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு தந்திரம், “என் கணினியில் சரியாகத்தானே வேலை செய்கிறது” என்று எழுதி மூடுவது. அதற்கென்றே ட்ராக்கில் ஒரு முத்திரை வைத்திருக்கிறார்கள். மின்சார வாரியத்துக்குப் போன் போட்டு எங்கள் தெருவில் கரண்ட் இல்லை என்றால், “எங்கள் ஆபீசில் ஃபேன் சுற்றுகிறதே” என்பது மாதிரி.

2018 டிசம்பர் 6 அன்று வேர்ட்பிரஸ் 5.0 வந்தது, புது பிளாக் எடிட்டரோடு. பார்வையற்றவர்கள் ஸ்கிரீன் ரீடர் கொண்டும் விசைப்பலகை கொண்டும் இதைக் கையாள்வது கடினம் என்று அதன் அணுகல்தன்மைக் குழுவே வெளியீட்டுக்கு முன்பே எழுதிவைத்தது. குழுவை நடத்திவந்த ரியான் ரீட்வெல்ட் அக்டோபரிலேயே விலகினார். ஆனாலும் எடிட்டர் வெளியே வந்தது. 2019 மே மாதம் வெளியான தனிப்பட்ட தணிக்கை அறிக்கையும், கணிசமான சிக்கல்கள் இருப்பதையே சொன்னது. பழைய எடிட்டரைத் தனிப் பிளக்-இன்னாக விட்டுவைத்தார்கள், அந்த நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆனால் கேள்வி அதுவல்ல. கண் தெரிந்தவருக்குப் பொத்தான் அமுங்காவிட்டால் அன்றிரவே திருத்தம் வரும். கண் தெரியாதவருக்கு அமுங்காவிட்டால் அது ‘மேம்பாடு’. எண்ணிக்கை குறைவு என்பதால்தானே?

எண்ணிக்கை பேசுகிறவர்கள் வேர்ட்பிரஸ் பிறந்த கதையையாவது நினைத்துப் பார்க்கலாம். பி2 என்ற மென்பொருளில் வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்தார் மேட் முல்லன்வெக், அப்போது 19 வயதுப் பையன். அதை எழுதியவர் கண்ணில் படாமல் போய்விட்டார், மென்பொருள் அப்படியே நின்றது. 2003 ஜனவரியில் மேட் தன் வலைப்பதிவில் புலம்பினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்பவர் நானும் கைகொடுக்கிறேன் என்று பதில் போட்டார். மே 27-ல் முதல் பதிப்பு. ஒரு புலம்பல், ஒரு பதில், அவ்வளவுதான். ஸ்டேல் பாட் அன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது உறவினர்களுக்கு. “மாமா, ஓடல” என்று ஒரு வரி, அதோடு பாதி வெட்டிய ஸ்கிரீன்ஷாட், கேட்டால் “தெரியல, திடீர்னு இப்படி ஆயிடுச்சு.” இதை வைத்து எந்தப் பையன் என்ன செய்வான்? ஆய்வகக் குறிப்பேடு எழுதியவர்கள்தானே நீங்கள்? எந்த போன், என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், உண்மையில் என்ன வந்தது, மறுபடி செய்தால் மறுபடி வருகிறதா. புட்டி என்ற மென்பொருளை எழுதிய சைமன் டாதம் (அது பாட்டில் புட்டி இல்லை, சிரிக்காதீர்கள்) 1999-ல் பழுதுப் புகார் எழுதுவது எப்படி என்று ஒரு கட்டுரையே எழுதினார். நிரலாளர் தன் கண்முன்னாலேயே அந்தப் பழுதைப் பார்க்கும்படி செய்துவிடுங்கள் என்பதுதான் அதன் சாரம். அதை விட்டுவிட்டு, இலவசமாக உழைக்கிறவனை “இதுகூடத் தெரியாதா” என்று திட்டி எழுதினால், அவன் தானியங்கி வைப்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

ஆனால் தம்பி, “இலவசமாகத்தானே கொடுக்கிறேன், எனக்கு என்ன கடமை?” என்று நீ கேட்டதை நான் விடமாட்டேன். திருத்தும் கடமை உனக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். உனக்கும் குடும்பம் இருக்கிறது, தூக்கம் வேண்டும். திறந்தே கிடக்கட்டும். “பழுது உண்மை, எனக்கு நேரமில்லை, முடிந்தவர் திருத்தலாம்” என்று ஒரு வரி போதும். அடுத்து அதே பள்ளத்தில் விழுகிறவருக்கு, இது நம் தவறில்லை என்றாவது தெரியும். இன்னொரு பையன் வந்து திருத்தவும் கூடும், ஓப்பன் சோர்ஸ் என்பதே அதற்குத்தானே? திறந்திருக்கும் புகார்களின் எண்ணிக்கையைக் கண்டு வெட்கப்படாதே. மூடியவற்றில் எத்தனை பொய் என்று பார்.

நானே ஒரு பிளக்-இன்காரருக்குப் புகார் அனுப்பியிருந்தேன் (உன்னுடையது இல்லை, பதறாதே). ‘ஸ்ரீ’ வரும் தலைப்புகளில் தேடல் தடுமாறுகிறது என்று நாலு உதாரணத்தோடு எழுதினேன். எந்த மனிதரும் பேசாமலேயே மூடப்பட்டது. அதே உதாரணங்களை உன் பிளக்-இன்னிலும் போட்டுப் பார்த்தேன். இரண்டு தப்புகிறது. எழுதி வைத்திருக்கிறேன். அந்தத் தானியங்கியை நிறுத்திவிட்டுச் சொல், அனுப்புகிறேன்.