லெமூரியாவும் தப்போவ இலைகளும்

கல்முனைக் கரையில் வாழ்வோர்க்குக் கடல்கோள் என்பது வெறும் ஏட்டுச் சொல் அன்று. 2004 டிசம்பர் 26 இல் அதனைக் கண்ணாற் கண்டோம். ஆகவே, அண்மையில் இங்கு நடந்த இலக்கியக் கூட்டமொன்றில் அன்பர் ஒருவர், இந்துமாக்கடலில் அமிழ்ந்த லெமூரியாக் கண்டத்தை விஞ்ஞானம் நிறுவிவிட்டது என முழங்கியபோது அவை தலையசைத்ததில் வியப்பில்லை. ஆயினும் அக்கூற்று பிழை. மாணவரும் அவையில் இருந்தமையால் இதனை எழுதுகின்றேன்.

லெமூரியா என்னும் பெயரை 1864 இல் இட்டவர் ஸ்கிளேற்றர் என்ற ஆங்கில விலங்கியலார். மடகாசுக்கரின் லெமூருக்கும் நம் பக்கத்துத் தேவாங்குக்கும் உள்ள உறவைக் கண்டு, இடையே நிலம் இருந்து அழிந்திருத்தல் வேண்டுமென ஊகித்தார். ஊகம், அவ்வளவே.

உயிர்ச்சுவடுகள் கூறும் கதை வேறு. 1912 இல் தென்துருவத்திலிருந்து மீளும் வழியில் மாண்ட ஸ்கொட் குழுவினர், சாகும் வேளையிலும் கைவிடாத 35 இறாத்தற் கற்களிலே குளோசொப்தெரிசு என்னும் தாவரத்தின் இலைகள் பதிந்திருந்தன. இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் தென்னமெரிக்காவிலும் கிடைத்த அதே இலைகள்! ஆராய்ந்து கூறியவர் கேம்பிரிட்சுப் பேராசிரியர் சீவட். அவரே 1922 இல் ஹோல்ற்றத்துடன் சேர்ந்து, நம் புத்தளத்தை அடுத்த தப்போவப் பாறைகளிற் பதிந்த யுராசிக் காலத் தாவரங்களையும் ஆராய்ந்து எழுதினார். அப்பன்னங்களும் சைக்கசு போன்றவையும் இந்தியக் கொண்டுவானாப் பாறைகளின் தாவரங்களுக்கு உறவானவை.

இலைகள் தனித்து நின்று கண்டம் நகர்ந்ததை நிறுவிவிடா. நிலப்பாலம் அமிழ்ந்தது என்போரும் அதே இலைகளையே சான்று காட்டினர். 1915 இல் நூல் வெளியிட்ட வேகனர் அவர்களை மடக்கினார்: கண்டப்பாறை கடலடிப் பாறையிலும் இலேசானது, தெப்பம்போல் மிதப்பது எங்ஙனம் அமிழும்? அவரை நெடுங்காலம் எள்ளினர். 1960களில், கடலடித்தளம் விரிவது தெரிந்த பின்னரே அறிஞருலகம் இசைந்தது.

நம் கரையோரத்து அடிப்பாறை உயிர்ச்சுவடற்ற தொல்பாறை. எனினும் நாம் நாடோறும் நோக்கும் இத்திசையில் ஒருகாலத்திற் கடலே இல்லை. அந்தாட்டிக்கா நம்மோடு ஒட்டிக் கிடந்தது. இதனை விஞ்சிய கற்பனை எந்தப் புலவனிடம் உண்டு?

கடல்கொண்ட நாட்டின் கதையைத் தமிழ் வகுப்பில் இலக்கியமாகவே பயில்வோம். அதன் அருமை குன்றாது. விஞ்ஞான ஆசிரியர்கள் மட்டும் பாடத்தைத் தப்போவவிலிருந்து தொடங்குவாராக. ஆண்டுச் சுற்றுலா ஒருமுறையேனும் புத்தளம் பக்கம் திரும்புமாயின் இன்னும் நன்று.