வயது ஒரு நோயன்று

"வயசு போனா அப்படித்தான்." நம் நாட்டில் அதிகமான முதியோரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவை இந்த மூன்று சொற்களே என்பேன்.

பல்லேபொலயில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு வயது 79. சென்ற ஆண்டு, கிணற்றடிவரை நடந்தாலே அவருக்கு மூச்சு வாங்கியது. இரவில் தலையணையை உயர்த்தியே படுத்தார். பார்த்த வைத்தியர் நெஞ்சு வலித்ததா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் அந்த மூன்று சொற்களையும் வாய்வுக் குளிசையையும் தந்தார். ஈசீஜி எடுக்கவில்லை. மூன்று வாரங்களின் பின் 1990 அம்பியூலன்சில் ஏற்றியபோதுதான், மாரடைப்பு ஏற்கெனவே வந்துபோயிருந்தது தெரியவந்தது. பிழைத்தார். கிணற்றடிக்குத்தான் இன்று போக முடிவதில்லை.

முதியோருக்கு மாரடைப்பு பல வேளைகளில் நெஞ்சுவலியின்றியே வரும். மூச்சிறைப்பு, களைப்பு, திடீர்க் குழப்பம் ஆகியனவே அடையாளம். இது மருத்துவ மாணவரும் அறிந்த செய்தி.

வயதேற நாடிகள் விறைக்கின்றன, இரத்த அழுத்தத்தின் மேலளவு உயர்கிறது. ஆபத்து கூடுகிறது என்றால் கவனம் கூட வேண்டுமா, குறைய வேண்டுமா? 2008இல் வெளிவந்த ஹைவெட் ஆய்வில் பங்கேற்ற 3,845 பேரும் 80 வயதை எட்டியவர்கள். அழுத்தத்தைக் குறைத்தபோது அவர்களிடையே இதயச் செயலிழப்பும் மரணமும் குறைந்தன.

முதியவருக்கு மருந்து கொடுப்பதில் சிக்கல் உண்டு. எழுந்து நின்றதும் அழுத்தம் சரியலாம், விழுந்தால் இடுப்பெலும்பு முறியும், சிறுநீரகமும் தளர்ந்திருக்கும். ஆகவே சிறிய அளவில் தொடங்கி, நிற்கவைத்தும் அழுத்தம் பார்க்க வேண்டும். இவை வைத்தியம் செய்யும் முறைகள். செய்யாதிருப்பதற்கான சாட்டுகள் அல்ல.

2011இல் அரசு ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களைத் தொடங்கியபோது, 40 முதல் 65 வயதுவரையானோரையே இலக்காகக் கொண்டது. மற்றவர்களுக்குக் கிளினிக் உண்டே என்பர். கிளினிக், நோய் கண்டுபிடிக்கப்பட்டவருக்கு. கண்டுபிடிப்பது யார்? அந்தக் கோடு காகிதத்தைவிட மனங்களிலேயே ஆழமாகப் பதிந்திருக்கிறது.

வைத்தியரை மட்டும் குற்றஞ்சாட்டமாட்டேன். வாசலில் நூறு பேர் காத்திருந்தனர். ஆனால் பெரியப்பாவின் அருகில் நின்றவன் நான். முப்பது ஆண்டுகளாகக் கேள்வி கேட்டே பிழைத்தவன், அன்று "சரி டொக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டுப் பெரியவரிடம் யாரேனும் அந்த மூன்று சொற்களைச் சொன்னால், "ஒரு ஈசீஜி எடுத்துப் பார்ப்போமா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.