நன்னடத்தைச் சட்டத்தை முழுமையாக நடைமுறைப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர் மற்றும் செயலாளர்,
குற்றவியல் வழக்கறிஞர்கள் சங்கம்.

பெறுநர்
கூடுதல் தலைமைச் செயலாளர் அவர்கள்,
உள்துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 9.

பொருள்: சிறைத் தண்டனைக்கு மாற்றான சட்ட வழிகள் – நன்னடத்தை அலுவலர் பணியிடங்கள், சமூக சேவை நெறிமுறைகள் – உரிய ஆணை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சென்னை மாகாணத்தின் 1936ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம், 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்துக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. அத்தகைய மரபுடைய மாநிலத்தில், சிறு குற்றத்துக்கு முதன்முறை தண்டிக்கப்படுவோரும் சிறைக்கே அனுப்பப்படுவதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

மத்தியச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கண்டித்து விடுவிக்கவும், 4ஆம் பிரிவு மூன்றாண்டுகளுக்கு மிகாத நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கின்றன. 21 வயது நிறையாதவர் ஆயுள் தண்டனைக்கு உட்படாத குற்றம் புரிந்திருந்தால், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற்றுப் பரிசீலிக்காமல் அவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்கிறது 6ஆம் பிரிவு.

தடை எழுவது இந்த அறிக்கையில்தான். தீர்ப்பும் தண்டனையும் பல வழக்குகளில் ஒரே நாளில் சொல்லப்படுகின்றன. அன்று அறிக்கை கோப்பில் இருப்பதில்லை. சிறைவாசிகளின் விடுப்பு, முன்விடுதலை குறித்த விசாரணைகளையும் நன்னடத்தை அலுவலர்களே கவனிக்க வேண்டியிருப்பதால், நீதிமன்றப் பணி பின்தங்குகிறது. சில மாதச் சிறைவாசத்தில் இளைஞர் வேலையை இழக்கிறார்; குடும்பம் கடனில் விழுகிறது.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறோம்:

1. காலியான நன்னடத்தை அலுவலர் பணியிடங்களை நிரப்பி, நீதிமன்றப் பணிக்கெனத் தனி அலுவலர்களை ஒதுக்க வேண்டும்.

2. குற்றம் உறுதியானதும் அறிக்கை கோரி, அது வரும்வரை தண்டனை குறித்த விசாரணையைத் தள்ளிவைக்கவும், நன்னடத்தை வழி மறுக்கப்பட்டால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 402ஆம் பிரிவின்படி சிறப்புக் காரணங்களைப் பதிவு செய்யவும் சுற்றறிக்கை அனுப்புமாறு உயர் நீதிமன்றத்தை அரசு கேட்டுக்கொள்ள வேண்டும்.

3. மத்திய நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு பிணைதாரர் இல்லாமலும் விடுவிக்க இடமளிக்கிறது. தினக்கூலிகளின் தொழில், வசிப்பிடம் பற்றிய விவரங்களை அலுவலர் நேரில் விசாரித்து அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

4. பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவர் அதைத் திருப்பித் தந்தால் தண்டனை சமூக சேவைதான். எந்தப் பணி, எத்தனை மணி நேரம் என்று சட்டம் வரையறுக்கவில்லை. அரசு மருத்துவமனை, நூலகம், உள்ளாட்சி அமைப்பு ஆகியவற்றில் செய்யத்தக்க பணிகளை மாவட்டவாரியாகப் பட்டியலிட வேண்டும். தண்டனை பெற்றவரை இழிவுபடுத்தும் வேலைகளுக்கு அதில் இடம் கூடாது.

5. பாதிக்கப்பட்டவருக்கு மத்திய நன்னடத்தைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி இழப்பீடு வழங்குவது குறித்தும் அறிக்கையில் கருத்துரைக்க வேண்டும்.

6. நன்னடத்தையில் விடுவிக்கப்பட்டவரின் காவல்துறைச் சரிபார்ப்பில், தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பை நீக்கும் அச்சட்டத்தின் 12ஆம் பிரிவையும் குறிப்பிட வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. அரசாணையும் நிதி ஒதுக்கீடும் போதும். எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துக் கேட்டு, ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர் செயலாளர்

நகல்: சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறைத் தலைவர், சென்னை.