எலும்பில் பட்ட அடி



பிள்ளைகள் உள்ள வீட்டில் அடிபடாத நாள் குறைவு. விளையாட்டில் பந்து வந்து முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் படும். இருட்டில் எழுந்து நடக்கையில் கட்டில் விளிம்பில் கால் இடிபடும். தோல் கிழிந்திருக்காது, இரத்தமும் வந்திருக்காது. ஆனால் பிள்ளை துடிக்கும். "இதற்கா இவ்வளவு அழுகை?" என்று அதட்டிவிடாதீர்கள். அந்த வலி மெய்யானது.

எலும்பை நாம் உணர்வற்ற கட்டை என்று எண்ணிக்கொள்கிறோம். மூட்டில் உராயும் முனைகள் தவிர, எலும்பு முழுவதையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. அதில் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் நிறைந்துள்ளன. தொடையில் அடிபட்டால் சதை தாங்கிக்கொள்ளும். முன்காலிலும் முழங்கையிலும் கணுக்காலிலும் தோலுக்கு அடுத்தது எலும்புதான். அடி நேரே சவ்வில் விழுகிறது. நுண்ணிய குழாய்கள் உடைந்து, சவ்வுக்கு அடியில் இரத்தம் தேங்கி, அதை இறுக்கிப் பிடிக்கிறது.

இதை எப்படி அறிவது? விரலால் தொட்டால் குறிப்பிட்ட ஓரிடத்தில் கூர்மையாக நோகும். அங்கே சற்றுக் கடினமான வீக்கம் இருக்கும். நீல நிறம் மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் தெரியவரலாம். நொண்டினாலும் பிள்ளை காலை ஊன்றி நடக்கும். வலி முழுதாக ஆறச் சில வாரங்கள் செல்லும், பொறுமை வேண்டும்.

முதல் 2 நாட்களும் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். சில மணித்தியாலங்களுக்கு ஒரு முறை இதைச் செய்யலாம். வெறும் தோலில் ஐஸை வைக்க வேண்டாம். ஐஸ் இல்லாவிட்டால் குளிர்ந்த நீரில் நனைத்த துவாய் போதும். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, ஓட்டத்தையும் விளையாட்டையும் நிறுத்துங்கள். வலிக்கு வயதுக்கேற்ற அளவில் பரசிற்றமோல் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்க வேண்டாம்.

எங்கள் வீடுகளில் அடிபட்டதும் எண்ணெயைச் சூடாக்கி அழுத்தி உருவிவிடும் வழக்கம் உண்டு. உம்மம்மா அன்பினால்தான் செய்கிறார். ஆனால் உடைந்த குழாயை உருவினால் இரத்தம் இன்னும் கசியும்; சூடும் வீக்கத்தைக் கூட்டும். உள்ளே முறிவு இருந்தால் உருவுவது பெரும் தீங்காகிவிடும். மூத்தவர்களின் மனம் நோகாமல் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பின்வருவனவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்: காலை ஊன்றவே முடியாமை, எலும்பு வளைந்து தெரிதல், கால் கல்லைப் போல் இறுகி, வலி நேரத்துக்கு நேரம் கூடி, விரல்கள் மரத்துப்போதல், சில நாட்களின் பின் அந்த இடம் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வருதல். கடைசியில் சொன்னது எலும்பில் கிருமி தொற்றியதன் அடையாளமாக இருக்கலாம். சிறு பிள்ளைகளின் எலும்பு சிலவேளை வெளியே தெரியாதபடி கீறலாக முறியும். ஆகவே சந்தேகம் இருந்தால் எக்ஸ்றே எடுப்பதே நல்லது. இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுக்கும் முதியவர்களுக்கு அடிபட்டாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

முழங்காலில் அடிபட்டு மடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து, இயலாதவற்றைச் சைகையால் நிறைவேற்றித் தொழ மார்க்கம் இடமளித்திருக்கிறது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்து, காயத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டியதில்லை.