வள்ளுவர் தலைக்குக் குளிக்கிறார்

கன்னியாகுமரியைச் சுற்றிப் பார்க்கக் கொஞ்சம் வாய்ப்பாடு தெரிந்திருக்க வேண்டும். வள்ளுவர் சிலை 133 அடி, அதிகாரத்துக்கு ஓர் அடி. அதில் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் கணக்கு. நிற்கிற உருவம் 95 அடி, பொருளும் இன்பமும். இந்தப் பக்கம் கரையில் அலங்கார உபகார மாதா கோயிலின் நடுக்கோபுரம் 153 அடி, செபமாலைக் கணக்கு. 1956இல் கட்டிய காந்தி மண்டபம் 79 அடி, அவர் வயதாம். (அவருக்கு 78தான் முடிந்திருந்தது என்று திருத்துகிற ஆசாமி எல்லா ஊரிலும் ஒருவன் இருப்பான். எங்கள் வீட்டில் அது நான்.) அக்டோபர் 2 நண்பகலில், அஸ்தி வைத்திருந்த இடத்தில் வெயில் விழும்படி கூரையில் துளையும் விட்டிருக்கிறார்கள்.

2022 கடைசியில் போனபோது சிலையைக் காணோம். தலை முதல் கால் வரை சாரம். விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடியது, சிலைப் பாறைக்கு இல்லை. படகுத்துறை எதிரே டீக்கடையில் விசாரித்தேன்.

“வள்ளுவரு தலைக்குக் குளிக்காரு சார். உப்பு எடுக்காங்க.”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மெய்தான். கடல் காற்று உப்பை ஏந்தி வந்து கல்லின் நுண்துளைகளில் விடுகிறது. ஈரம் காய்ந்ததும் உப்பு உள்ளேயே படிகமாகிப் பருத்து, கல்லை மெல்ல மெல்லப் பொரிய வைக்கும். அதற்கு வைத்தியம், காகிதக் கூழ். முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, கல் இடுக்குகளை அடைத்து, மேலே கூழை அப்புகிறார்கள். கூழ் காயக் காய, கல்லுக்குள் இருக்கும் உப்பை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு அதை உரித்துக் கழுவிவிட்டு ரசாயனப் பூச்சு. சில வருஷங்களுக்கு ஒருமுறை இந்தக் குளியல் உண்டு. ஓலையில் எழுதியவருக்கு வைத்தியம் செய்வது காகிதம்.

விவேகானந்தர் பாறையில் நின்று பார்த்தேன். சாரத்தின் நடுத்தட்டில் ஒருவர், தலையில் துண்டு, இடுப்பில் கயிறு. வாளியிலிருந்து கூழை அள்ளி, வறட்டி தட்டுகிறவர் மாதிரி அப்பினார். தட்டினார், உள்ளங்கையால் வழித்தார், நகர்ந்தார். அவர் நின்றது வள்ளுவரின் இடுப்புக்கு நேராக. கணபதி ஸ்தபதி 7,000 டன் கல்லை அடுக்கியும் அந்த இடுப்பைச் சற்றே ஒசித்து நிறுத்தினார் பாருங்கள், சிலையின் உயிர் அங்கேதான். விறைப்பாக நிறுத்தியிருந்தால் வெறும் கோபுரமாகியிருக்கும். 2000 ஜனவரி 1இல் திறந்தார்கள். 2004 சுனாமி வந்தது, அசையவில்லை. அலைக்கு அசையாததுதான் உப்புக்கு உதிர்கிறது.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திலும் ஒரு தலைவர் நிற்கிறார், கம்பிக் கூண்டுக்குள். பிறந்தநாள் வந்தால் ஒரு கோட் வெள்ளிப் பெயின்ட். பழையதைச் சுரண்டுகிற வழக்கமே கிடையாது. இப்போது மூக்குக் கண்ணாடி கன்னத்தோடு ஒட்டிவிட்டது, உதடு எங்கே முடிகிறது என்று தெரியாது. அடியில் கல்வெட்டு மட்டும் பளபளக்கிறது: தலைமை, முன்னிலை, வரவேற்பு, நன்றியுரை என்று வரிசையாகப் பெயர்கள். பக்கத்து ரவுண்டானா நீரூற்றில் தண்ணீர் வந்தது திறப்பு விழா அன்று. அதற்கும் கல்வெட்டு உண்டு. சுரண்டியவருக்கும் கழுவியவருக்கும் கல்வெட்டு வைக்கிற வழக்கம் எந்த ஊரிலும் நான் பார்த்ததில்லை, கன்னியாகுமரி உட்பட. ஆனால் அங்கே கழுவுகிறார்கள். அதற்கே ஒரு கும்பிடு.

சிலைக்கு வெள்ளிவிழா வந்தபோது இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் போட்டார்கள். அடுத்த கோடையில் அதில் நடந்தேன். எல்லோரும் குனிந்து காலடியில் கடலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே வந்தாள். நான் அண்ணாந்து அந்த இடுப்பைப் பார்த்தேன். கல் சுத்தமாக இருந்தது. காற்று தெற்கிலிருந்து திரும்பி முகத்தில் அடித்தது. உதட்டை நக்கினேன், கரித்தது.