தரவுத்தளத்தில் எழுத்தாணி வைக்கலாமா?

திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடும் கல்லூரியின் மதிப்பெண் ஏடும் இக்காலத்துப் பலவிடங்களிற் கணினித் தரவுத்தளங்களாகிவிட்டன. அவற்றைத் திருத்துதற்கு இரு வழிகள் உள. ஒன்று, தரவுத்தள மென்பொருள் வாயிலாக எஸ்.கியூ.எல். மொழியாற் கட்டளையிடுவது. மற்றொன்று, ஹெக்ஸ் எடிட்டர் என்னும் அடிநிலைக் கருவியாற் கோப்பைத் திறந்து, அதன் பைட்டுகளை நேரே மாற்றிவிடுவது. பின்னது விரைவானதென மாணவருட் சிலர் மெச்சுவர். அக்கருவியைப் பார்வையிடுதற்கு இணைக்கலாம். எழுதுதற்கு இணைத்தல் தகாது என்பதே எம் கருத்து.

2000-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் என்பார் வெளியிட்ட எஸ்கியூலைட்டைச் சான்றாகக் கொள்வோம். யூ.டி.எஃப்.-8 முறையில் 'அ' என்னும் எழுத்து 224, 174, 133 என்னும் மூன்று பைட்டுகளாக நிற்கும். இறுதி எண்ணை 134 ஆக்கின் அஃது 'ஆ' ஆகும். எனவே, 'அசீர்வாதம்' எனப் பிழைபடப் பதிந்த பெயரை ஒரே பைட்டில் 'ஆசீர்வாதம்' ஆக்கிவிடலாம். எத்துணை எளிது!

எளிதென்று மயங்கற்க. விரைந்து தேடுதற்பொருட்டு அப்பெயருக்கு இண்டெக்ஸ் என்னும் சுட்டு அமைத்திருப்பின், அப்பெயரின் பிரதியொன்று கோப்பினுள் வேறிடத்தும் இருக்கும். ஒன்றைத் திருத்தி மற்றொன்றை விட்டால், அச்சுட்டின் வழியே 'ஆசீர்வாதம்' எனத் தேடுவார்க்கு அவர் அகப்படார், முழுப்பட்டியலிலோ இருப்பார். ஓரெழுத்தைக் கூட்டவேண்டின் இடர் இன்னும் பெரிது. ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் சொல்லின் பைட்டு நீளம் குறிக்கப்பட்டுள்ளது. சொல் நீண்டு அக்குறிப்பு மாறாதாயின், பின்வருவன பிறழும். யார், எப்பொழுது திருத்தினார் என்று குறித்துவைக்க அமைத்த ட்ரிக்கர்களும் இம்மாற்றத்தை அறியா. இயல்பான அமைப்பில் எஸ்கியூலைட் பக்கந்தோறும் சரிபார்ப்புத் தொகை வைப்பதில்லை. ஆகலின் பிழை அப்பொழுதே வெளிப்படாது.

"கோப்பே பழுதுற்று, மென்பொருள் திறக்க மறுப்பின் என் செய்வது?" எனச் சிலர் வினவலாம். தக்க வினாவே. கோப்பின் முதல் 16 பைட்டுகள் சிதையின், இது தரவுத்தளமன்று என எஸ்கியூலைட் கைவிட்டுவிடும். அவற்றை அடிநிலைக் கருவியாற் சீர்ப்படுத்தின், திறத்தலுங் கூடும். ஆயினும் அதனைப் பிரதியொன்றின்மேற் செய்க, பின்னர் இன்டெக்ரிட்டி செக் என்னும் சோதனையை நடத்துக, மூலக்கோப்பைத் தொடற்க.

எபிரெய வேதாகமத்தைக் காத்த மசொரேத்தர், வேறு பாடமே வாசிக்கற்பாலது என்று கொண்டவிடத்தும், எழுதப்பட்டிருந்ததை அழித்தாரல்லர், வாசிக்கவேண்டியதை ஓரத்திற் குறித்தனர், வசனங்களையும் எண்ணிவைத்தனர். ஏடு காப்பார்க்கு இதனினும் நல்ல நெறி யாதுளது? பதிவேட்டிலுள்ள ஒவ்வொரு பெயரும் பிற்காலத்தில் ஒருவர்க்குச் சான்றாகி நிற்பதன்றோ?

ஆதலின், நண்பர்களே, அடிநிலைக் கருவியைக் கையாளக் கற்றுக்கொள்க. கோப்பின் உள்ளமைப்பைக் காட்டுதற்கு அது நல்லாசிரியன். திருத்தவேண்டிய வேளையில் அதனைக் கீழே வைத்து, தரவுத்தளத்தின் வாயில் வழியே செல்க.